ஆறாம் எண் சிலிண்டரை அளந்தவர் யார் என்பது குறித்து

பெயரும் கதவு எண்ணும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது ஐம்பத்து நான்கு. துறைமுகத்தின் பின்தெருவில் மாடியில் வீடு, கீழே கடை. கடலுக்குள் முங்குகிறவர்களுக்குச் சிலிண்டரில் காற்று நிரப்பிக் கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். சிலிண்டர்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. போன வாரம் நான் சொன்னதில் ஒன்று பொய் என்பதால் நானாகவே வந்திருக்கிறேன்.

ஐம்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பலைப் பார்க்க ஆறு பேர் கிளம்பினார்கள். என் மனைவியின் தம்பி அவர்களில் ஒருவன். இரண்டு நாள்தான் கடல் சும்மா இருக்கும் என்று படகோட்டி சொன்னதால், ஒரு வாரத்து வேலையை அதற்குள் முடிக்கும்படி ஆயிற்று. தலைக்கு மேல் வேலை. கம்ப்ரசர் சத்தத்தில் காது அடைத்து, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது.

அவ்வளவு ஆழம் போகிறவர் இரண்டு வகைக் காற்று கொண்டுபோவார். ஆக்சிஜன் குறைந்தது அடியில் சுவாசிக்க. ஆக்சிஜன் கூடியது, மேலே வரும்போது நின்று நின்று சுவாசிக்க. இரண்டாவதை ஆழத்தில் இழுத்தால் வலிப்பு வரும். அதனால் அவரவர் சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அவரவரே கருவியில் அளந்து, அளவைத் தன் கையால் நாடாவில் எழுதி அதன் கழுத்தில் ஒட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நிரப்பியவர் செய்யக் கூடாது. இந்த விதியைக் கடைச் சுவரில் எழுதி மாட்டியவனே நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் மற்ற ஐவரும் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மைத்துனன் மட்டும் படகில் கயிறும் விளக்கும் ஏற்றிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனைப் போனில் கூப்பிட்டேன். "நீங்க அளந்தா என்ன, நான் அளந்தா என்ன மாமா? போட்டுடுங்க" என்றான். "விளையாடாதடா, வந்து அளந்துட்டுப் போ" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அதன் பிறகு அவனுடைய ஐந்தாம், ஆறாம் எண் சிலிண்டர்களை நானே அளந்தேன். ஐந்தில் ஆக்சிஜன் குறைவு, ஆறில் கூடுதல். ஒன்றை அளந்தவுடன் அதற்குரிய நாடாவை ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். நான் இரண்டையும் எழுதி மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது மனைவி மாடியிலிருந்து, தம்பி சாப்பிட்டானா என்று கேட்டாள். சாப்பிட்டிருப்பான் என்று பதில் சொல்லிக்கொண்டே ஒட்டினேன். மாற்றி ஒட்டியிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. அதன் பிறகு பதிவேட்டில் அவன் போடுவது போலவே கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அடியில் அவனுக்கு வலிப்பு வந்தது. கூட இருந்தவர் அவனை இழுத்துக்கொண்டு எங்கும் நிற்காமல் மேலே வந்தார். உயிர் பிழைத்தான், ஆனால் நிற்காமல் வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நீங்கள் விசாரித்தபோது, அவனே அளந்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். அந்த இரண்டு நாளில் நடந்த எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. பதிவேட்டின் நகலை யாரோ காட்டியிருக்கிறார்கள். "நாந்தான் மாத்தி ஒட்டிட்டேனாம் மாமா. உங்க கடைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றான். என் மனைவி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "எப்பவுமே அவசரக்குடுக்கைதான்டா நீ" என்று திட்டி அழுதாள். நான் அவன் தலையைத் தடவி, "போனது போகட்டும், விடுடா" என்றேன். நான் மன்னித்துவிட்டதாக நினைத்து அவன் தூங்கிப்போனான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. கடையைப் பூட்டினாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவனுக்கும் படித்துக் காட்ட வேண்டும், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது. மருத்துவமனை என் வீட்டிலிருந்து இந்தக் காவல் நிலையத்தைவிடக் கிட்டே. இருந்தும் நான் இங்கேதான் வந்தேன்.

(கையெழுத்து)