ராய்னா குஞ்சேவா அவர்களின் இருபத்தேழு ஆகஸ்டுகள்

சோளக்கூழ் கிண்டிய கையாலேயே சோதனை முடிவையும் எழுதியவரே, ஈயின் பசிக்கும் இறப்புக்கும் நாள் குறித்து நாற்பது ஆண்டு காத்தவரே, எங்கள் மரபியல் துறையின் மூன்றாம் மாடிக்கு முதலில் வந்து முடிவில் இறங்கியவரே, இணைப் பேராசிரியர் முனைவர் ராய்னா ஸ்டாமாதோவா குஞ்சேவா அவர்களே, வணக்கம்.

இன்னும் பதினான்கு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். அவற்றுள் முதலாவது ‘ஈடு இணையற்றவர்’. அதை உரக்கப் படித்துப் பார்த்தபோது, தாங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எத்தனை பேர்ல?” என்று கேட்பது காதில் விழுந்தது. பதினான்கையும் அடித்துவிட்டோம். நாற்பது ஆண்டுகளாக எந்தக் கருத்தரங்கில் யார் எந்தப் பெருமையைச் சொன்னாலும் தாங்கள் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். ‘பெரும்பாலான ஈக்கள்’ என்று வாய்தவறிச் சொன்ன மாணவர்கள் அந்தக் கேள்விக்குப் பயந்தே எண்ணக் கற்றுக்கொண்டார்கள். ‘உலகத் தரம்’ என்று சொன்ன புல முதல்வர்கள் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே இந்த மடல் மாலை போடுவதோடு நிற்காமல் ஒரு வேலையும் செய்தாக வேண்டும். சென்ற மாதத் துறைக் கூட்டத்தில் முதல்வரின் கடிதம் படிக்கப்பட்டது. தாங்கள் ஓய்வு பெற்றபின் தங்கள் இடத்துக்கு ஆள் இல்லை. ஓராண்டுக்கு இன்ன வாரம் இன்னார் குப்பி மாற்றுவார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஈ அறை இருக்கும். இல்லையென்றால் ஜூன் முப்பதோடு பூட்டு. ஈக்கள் ஸ்பிரிட்டுக்குள் போகும். கடிதம் படித்து முடிந்ததும் தாங்கள் குரலை உயர்த்தவில்லை. “ஜூலை ஒண்ணு திங்கக்கிழமை. யாரு மாத்தப் போறீங்க?” என்று மட்டும் கேட்டீர்கள். மரபியல் அறிஞர்கள் பன்னிருவரும் அன்று மேசையில் இருந்த பனித்சா பலகாரத்தின் அடுக்குகளை ஆராயத் தொடங்கினோம். அந்தக் கேள்விக்கான விடை இம்மடலின் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் துறையின் சாதனைகளைச் சொல்வது மரபு. சொல்கிறோம்.

எங்கள் துறையின் பெருஞ்சாதனை நீடாயுள் ஈ. தாங்கள் பணியில் சேர்ந்த 1984இல் அன்றைய துறைத்தலைவர் பேராசிரியர் ஹரலாம்பி தோஷேவ் அதைத் தொடங்கினார். முறை எளிது. கிழட்டு ஈக்கள் இடும் முட்டைகளை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறையை வளர்க்க வேண்டும். முதுமை வரை தாக்குப்பிடித்தவற்றின் பிள்ளைகள் மேலும் தாக்குப்பிடிக்கும். பக்கத்திலேயே சாதா ஈக்களையும் வளர்த்து ஒப்பிட வேண்டும். வாரம் இருமுறை, திங்களும் வியாழனும், எல்லாவற்றையும் புதுக் கூழ் போட்ட குப்பிக்கு மாற்ற வேண்டும். அறிவு தோஷேவ் அவர்களுடையது. திங்களும் வியாழனும் தங்களுடையவை. இரண்டு மணி நேரம் மின்சாரமும் இரண்டு மணி நேரம் இருட்டுமாக நாடே நடுங்கிய அந்தக் குளிர்காலத்தில், குப்பிகளை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு டிராலிபஸ்ஸில் வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனவரும் தாங்களே. நெரிசலில் இடித்த ஒருவரிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உள்ள குடும்பம் இருக்கு” என்று சொன்னதாகக் கேள்வி.

குப்பிகளை ஸ்பிரிட்டால் துடைப்பதால் மையால் எழுதிய எண்கள் அழிந்துபோயின. அதனால் குப்பியின் கழுத்தில் நூல் கட்டும் வழக்கம் வந்தது. நீடாயுள் ஈக்குச் சிவப்பு, சாதா ஈக்கு வெள்ளை. எந்த நாட்டு ஆய்வுக்கூடமும் இதில் பிழை காணாது. நம் நாட்டில்தான் மார்ச் முதல் தேதி என்று ஒன்று வருகிறது.

1991 மார்ச் முதல் தேதி, கூழ் காய்ச்சும் பென்கா அக்கா எங்கள் மணிக்கட்டுகளில் எல்லாம் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்தெனித்சா என்னும் வசந்தக் காப்பு நூல் கட்டினார். மீதி நூல் நிறைய இருந்தது. “அதுங்களும் உசுருதானே, நல்லா இருக்கட்டும்” என்று நாற்பது குப்பிகளின் கழுத்திலும் ஒவ்வொன்று கட்டிவிட்டார். அவிழ்க்கலாமா என்று துறை கூடி விவாதித்தது. நாரையைக் காணும் முன் மார்தெனித்சாவை அவிழ்த்தால் ஆகாது என்று, பரம்பரை இயல்புகளுக்கு அறிவியல் விளக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கும் ஏழு பேர் ஒருமனதாக முடிவெடுத்தோம். அந்தக் கூட்டக் குறிப்பு இன்னும் இருக்கிறது.

மூன்று வாரம் ஸ்பிரிட் பட்டுச் சிவப்புச் சாயம் இறங்கியது. வெள்ளை ரோஜா நிறமானது, சிவப்பும் ரோஜா நிறமானது. இருபத்து நான்காம் தேதி கொதிகலன் புகைபோக்கிமேல் முதல் நாரை வந்து உட்கார்ந்தது. பென்கா அக்காவும் மாணவர்களும் மகிழ்ச்சியாக ஓடிவந்து, நூல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டி, வழக்கப்படி முற்றத்துச் செர்ரி மரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஏழாண்டு ஆராய்ச்சி காற்றில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

பெயரில்லாத நாற்பது குப்பிகளோடு தாங்கள் தோஷேவ் அவர்களிடம் போனீர்கள். அவர் பதறவில்லை. “எது ரொம்ப நாள் இருக்கோ அதுதான் நம்ம ஈ. இதுல என்னம்மா குழப்பம்?” என்றார். அப்போது தங்களுக்கும் அது சரியாகவே பட்டது. அதைத் தாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. நெடுநாள் வாழ்ந்த குப்பிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினீர்கள். சீக்கிரம் செத்தவற்றுக்கு வெள்ளை கட்டினீர்கள். பிறகு துறை எண்ணிப் பார்த்தது. என்ன அதிசயம், சிவப்பு நூல் ஈக்கள் சாதா ஈக்களைவிட இருபத்தெட்டு நாள் கூடுதலாக வாழ்ந்திருந்தன. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. சட்டமிட்டு நடைக்கூடத்தில் மாட்டினோம். அமைச்சர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் காட்டிய கிழட்டு ஈக்களில் சில முந்திய நாள் பிறந்தவை என்பதையும் இந்த நல்ல நாளில் ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கட்டுரையின் பலத்தில் 1997 ஏப்ரலில் தங்களைப் பேராசிரியராக்க ஆன்றோர் குழு கூடுவதாக இருந்தது, ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய திங்கள் காலை முதலாண்டு வகுப்பு. எங்களில் நால்வர் அன்று அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம். விடையைப் பார்த்துவிட்டுக் குழு பிரிக்கக் கூடாது, அப்படிப் பிரித்தால் தேடியது கட்டாயம் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பாதி வாக்கியத்தில் சாக்கட்டி நின்றது. எழுதியதைத் தாங்களே ஒருமுறை படித்தீர்கள். பிறகு சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள். முதுகில் வெள்ளைப் பொடி அப்பியிருந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

போனது ஆய்விதழுக்குக் கடிதம் எழுத. நூல்கள் தொலைந்ததும், பிறகு கட்டப்பட்ட விதமும், ஆகவே இருபத்தெட்டு நாள் என்பது செல்லாது என்பதும் ஏழு வரிகளில் இருந்தன. தோஷேவ் அவர்கள் தங்களை அறைக்கு அழைத்தார். கதவு திறந்தே இருந்ததால் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.

“நீ வாயத் தொறக்கலன்னா யாருக்கும்மா தெரியப்போவுது?”

“அடுத்த தடவை எண்ணும்போது தெரிஞ்சிடும் ஐயா.”

“யாரு எண்ணப் போறா?”

“நான்தான்.”

வியாழக்கிழமை ஆன்றோர் குழு கூடவில்லை. துறை கூடியது. பேராசிரியர் பதவிக்கான தங்கள் பெயரைத் திரும்பப் பெறுவோர் கை தூக்குக என்றார்கள். தூக்கியவர்களில் மூவர் இன்றும் பணியில் இருக்கிறோம், இந்த மடலின் கீழே எங்கள் பெயர் இருக்கிறது. கைக்கு வலியொன்றும் இருக்கவில்லை. வலி பிறகு வந்தது, ஆளுக்கொரு நேரத்தில். தங்கள் பெயர் அதற்குப் பின் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. தோஷேவ் அவர்கள் தங்களோடு பேசுவதை நிறுத்தினார். ஓய்வு பெற்றபோதும் சொல்லிக்கொள்ளாமல் போனார். நடைக்கூடத்துச் சட்டத்தை யாரும் கழற்றவில்லை. நல்ல சட்டம் என்று காரணம் சொன்னார்கள்.

தாங்கள் முதல் தலைமுறையிலிருந்து மறுபடி தொடங்கினீர்கள். நூலை ஒழித்துவிட்டு வைர முனையால் ஒவ்வொரு குப்பியின் கண்ணாடியிலும் எண்ணைக் கீறினீர்கள். பதினான்கு ஆண்டு ஓடியது. சாதா ஈக்களைவிடத் தங்கள் ஈக்கள் கூடுதலாக வாழ்ந்தது ஒன்பது நாள்.

ஒன்பது நாளைப் பார்க்க எந்த அமைச்சரும் வரவில்லை. சிறிய ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது. உலகில் பதினொரு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் நால்வர் நாங்களே. ஆனால் நமக்கு முன்பின் தெரியாத ஒருவர், வேறொரு நாட்டில், தாங்கள் அனுப்பிய ஈக்களை வைத்து வேறு கூழில் வளர்த்து எண்ணினார். ஒன்பது நாள். இந்தத் துறையின் வரலாற்றில் இன்னொருவர் எண்ணியும் மாறாமல் நின்ற எண் அது ஒன்றுதான். மற்றவற்றை யாரும் எண்ணிப் பார்க்காமலிருக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த நாடே ஆகஸ்டில் கடலுக்குப் போகிறது. துறையும் போகிறது. ஈக்களுக்கு ஆகஸ்டு தெரியாது, திங்களும் வியாழனும்தான் தெரியும். 1997 முதல் சென்ற ஆண்டு வரை இருபத்தேழு ஆகஸ்டு தாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தீர்கள். வறுத்த மீன் தின்ற கையால் நாங்கள் அஞ்சலட்டை எழுதினோம். ‘நீங்களும் வந்திருக்கலாம்’ என்று எல்லா அட்டையிலும் இருக்கும். தாங்கள் அவற்றை வெப்பப்பெட்டிக்கு மேலே வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த மடல் எழுதுவதற்காக அவற்றை எண்ணினோம். நூற்று நாற்பத்திரண்டு. ‘ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன், போய்வாருங்கள்’ என்று எழுதியிருந்தவை எத்தனை என்றும் பார்த்தோம். தாங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறோம்: நூற்று நாற்பத்திரண்டில் ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் பட்டியல் போட உட்கார்ந்தோம். பன்னிருவர், ஆளுக்கு நான்கு வாரம், நாற்பத்தெட்டு வாரம் நிரம்பியது. நான்கு மிச்சம். எவை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு மனைவி முன்பதிவு செய்துவிட்டார், ஒருவருக்குப் பேரன், ஒருவருக்கு மூட்டுவலிக்குக் கடற்சேறு. ஓர் ஆண்டு என்று முதல்வர் கேட்டால் அதில் ஆகஸ்டும் அடக்கம். நாற்பத்தெட்டு வாரப் பட்டியலை நீட்டினால் அறை பூட்டப்படும்.

சென்ற செவ்வாய்க்கிழமை, மின்தூக்கி வழக்கம்போல் ஓடாத வேளையில், எண்பத்தொரு வயதுப் பேராசிரியர் தோஷேவ் அவர்கள் கைத்தடியோடு மூன்று மாடி ஏறி வந்தார். தாங்கள் வகுப்பில் இருந்தீர்கள். அவருக்கு யார் சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது, பென்கா அக்கா தெரியாது என்று சாதிக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு பட்டியலைக் கேட்டார். விரல் வைத்துப் படித்தார்.

“ஆகஸ்டு யாரு?”

கடற்சேற்றுக்காரர் மூட்டைத் தடவிக்கொண்டார்.

“என்னைப் போடு. வெயில்ல திரியாதேன்னு டாக்டர் சொல்லிட்டான், கடலுக்குப் போயி என்ன பண்ணப் போறேன்.”

ஈ அறைக்குள் போனார். ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தபடி, “சிவப்பு எது?” என்று கேட்டார். நூல் இப்போது இல்லை, ராய்னா கண்ணாடியிலேயே கீறிவிடுகிறார் என்றோம். கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, “மாத்துறது எப்படின்னு மறந்துபோச்சு. சொல்லித்தருவாளான்னு கேளு” என்றார். போகும்போது நடைக்கூடத்தில் நின்று, பழைய சட்டத்தைக் கழற்றச் சொன்னார். இந்த மடல் போட்டிருக்கும் சட்டம் அதுதான். நல்ல சட்டம் என்று முன்பே சொன்னோம்.

ஆகவே, அம்மையீர், மரபுப்படி வாழ்த்த வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். நீடூழி என்று எழுதினால் எத்தனை நாள் என்று கேட்பீர்கள். எனவே அளந்தே வாழ்த்துகிறோம். ஒப்பீட்டுக்கு நிற்கும் சாதாக் குழுவாகிய எங்களைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக, முழங்கால் வலியின்றி, மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்க, வாழ்வீராக. முடிவை எண்ணிப் பார்க்க நாங்கள் இருக்க மாட்டோம். அதையும் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதன் ஒரு படி தங்களுக்கு, ஒரு படி முதல்வருக்கு, ஒரு படி ஈ அறைக் கதவுக்கு. ஜூலை ஒன்று யார் என்று கேட்டீர்களே, கீழே முதல் பெயர். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மட்டும் வந்து எங்கள் முன்னாள் தலைவருக்குக் குப்பி மாற்றக் கற்றுத்தாருங்கள். அதன் பிறகு கடலுக்குப் போங்கள். போய் அஞ்சலட்டை எழுதுங்கள், ஈக்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல். வெப்பப்பெட்டிக்கு மேலே இன்னும் இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
மரபியல் துறையினர் பன்னிருவரும் முன்னாள் தலைவரும், தத்தம் வாரங்களுக்கு எதிரே:

ஜூலை 1 முதல் நான்கு வாரம்: ஸ்வெத்லின் கராமிஹோவ் (1997இல் கை தூக்கியவர்)

ஆகஸ்டு, நான்கு வாரமும்: ஹரலாம்பி தோஷேவ் (கை தூக்கச் சொன்னவர்)

செப்டம்பர் முதல் அடுத்த ஜூன் முடிய: மற்ற பதினொருவர், பின்பக்கத்தில், ஒரு வாரமும் விடுபடாமல்.