சன்னலோரப் பாற்செடி

எனக்கு டொச் மொழி நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நான்தான் கேட்டேன். தமிழில் சொல்வது சுலபம். மிதுசா, மொழிபெயர்த்துக் களைத்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்வோம்.

கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் ஒரு தாவரத் தோட்டத்தில் வேலை. பாலைவனச் செடிகளின் கண்ணாடிக்கூடம் என் பொறுப்பு. அங்கே ஒரு பாற்செடி உண்டு. எங்கள் எருக்கலையின் தூரத்து உறவு. வறட்சியில் வெறும் குச்சியாக நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செத்துவிட்டதென்று பிடுங்கப் போவார்கள். வேரில் உயிர் இருக்கிறது, பொறுங்கள் என்பேன். ஒருவகை வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். அதன் நச்சுப்பாலை உண்டுதான் புழுக்கள் வளரும். பிறகு எந்தப் பறவையும் அவற்றைத் தொடாது.

என் மனைவி ஆரணி யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த எட்டாம் மாதம் நரம்பு நோயில் விழுந்தாள். இரண்டு வருடம் கட்டில். கழுவியது, ஊட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நான். அவளுக்கு டொச் வராது. வைத்தியர் சொன்னதெல்லாம் என் வாய் வழியாகவே அவளிடம் போனது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படித்தான்.

மாசியில் அந்தப் பாற்செடித் தொட்டி ஒன்றைப் புழுக்களோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னலில் வைத்தேன். புழுக்களைப் பார்த்து ஆரணி சிரித்தாள்.

“இவையளுக்கும் நீங்கள்தான் சமையலோ?”

அந்த வாரம் தினமும் மல்லி அவித்துக் குடிநீர் கொடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, சரியாக் கைக்குது.”

“மருந்தெண்டா கைக்கும்தானே.”

குடித்தாள்.

ஐந்தாம் நாள் அவளுக்கு நெஞ்சுத் துடிப்பு தடுமாறியது. மருத்துவமனையில் வைத்தியர் கேட்டார்: மாத்திரை தவிர வேறு ஏதாவது குடித்தாளா? நான் அவளிடம் திரும்பினேன்.

“பயமாயிருக்கோ எண்டு கேக்கிறார்.”

“இல்லையெண்டு சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில நிக்கிறியள்தானே.”

இல்லை என்கிறாள் என்றேன் வைத்தியரிடம். மறுநாள் மதியம் இறந்தாள்.

குடிநீரில் செடியின் பால் இருந்தது. நான்தான் கலந்தேன். அவள் இனியும் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. அப்படியே மொழிபெயருங்கள்.

இன்னும் ஒன்று. தை மாதம் வைத்தியர் நாள் குறித்துத் தந்த டெர்மினுக்குப் போனபோது, கோடைக்குள் எழுந்து நடப்பாள் என்று அவர் சொன்னார். அதை நான் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை. கோடைவரை பொறுக்க எனக்குத் தெம்பில்லை.

தொட்டி இன்னும் சன்னலில் இருக்கிறது. புழுக்கள் தின்று குச்சியாகத்தான் நிற்கும். யாரையும் பிடுங்கவிடாதீர்கள்.