கஞ்சிச் சாடியில் நின்ற பிரம்புக்காரன்

கஞ்சி என்றால் தண்ணியாக இருக்க வேண்டும், மரைக்கார். கெட்டியாகக் குடித்தால் தூக்கம் வரும். தூங்குகிறவன் எப்படிக் கதிர் அறுப்பான்? முத்தலிப் போடியாரின் வயலில் அறுவடைக்காரரை மேய்க்கிற முல்லைக்காரன் நான், இது எனக்குத் தெரியாதா? அவர் தருகிற கஞ்சி அரிசியில் பாதியை என் வீட்டுக்கு அனுப்பியதும் அவர்களுடைய உடம்புக்காகத்தான். நீங்கள் விசாரிக்கிற இந்தப் பள்ளிவாசலில் இருந்துகொண்டு பொய் சொல்ல மாட்டேன்.

கஞ்சி வார்க்கிற அந்த மண்சாடி போடியாருடைய வாப்பாவின் வாப்பா காலத்துச் சாமான். அப்போதும் கஞ்சி சரியில்லை என்று அறுவடைக்காரர் கதிர் அறுக்கிற தாக்கத்தியைக் கீழே போட்டார்களாம். பாண்டிருப்புப் பக்கத்துக் குயவன் ஒருவன் அந்தக் கூத்தை மண்ணில் செய்து வைத்துவிட்டான். சாடியின் கழுத்தைச் சுற்றிக் கைகட்டி உட்கார்ந்த அறுவடைக்காரர். கஞ்சி வார்க்கிற குழாயைக் கட்டிப்பிடித்தபடி தொந்தியும் தொப்பியுமாகப் போடியார். சாடியைச் சரித்தால் அவர் எல்லாருக்கும் குனிந்து ஸலாம் சொல்வார். அவருக்குப் பின்னால், பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கஞ்சியில் தண்ணீர் ஊற்றுகிறான் ஒரு மூக்கன். அன்றிலிருந்து அறுவடையின் முதற்கஞ்சியைப் போடியாரே அந்தச் சாடியால் வார்க்க வேண்டும். நம்முடைய போடியாரும் சிரித்துக்கொண்டே வார்ப்பார். பெரிய மனசு.

இந்த முறை முதற்கஞ்சி குடித்ததும் செல்லத்தம்பி எழும்பினான். நாவிதன்வெளியான், அறுவடைக்காரருக்கெல்லாம் வாய் அவன்தான். போன வருஷம் நாடெல்லாம் ஹர்த்தால் நடந்ததிலிருந்து அந்த வாய்க்குப் பூட்டும் இல்லை.

"போடியார், கஞ்சியில சோத்தத் தேடி நீந்த வேண்டிக் கிடக்கு. தண்ணி ஊத்தினது ஆரெண்டு சாடியே சொல்லுது. அந்த மூக்கப் பாருங்க."

எல்லாரும் சாடியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். போடியாருக்குத் தொந்தி குலுங்கிற்று.

"அடே கச்சிமுகம்மது, ஒன்ன முன்னால வச்சிச் செஞ்ச மாதிரியெல்லோ இரிக்கி!"

நானும் சிரித்தேன். எல்லாரையும் விட அதிகமாகவே சிரித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. போடியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார், ஆட்கள் மர நிழலில் படுத்திருந்தார்கள். சாடி இருந்த வயல் வாடிக் கொட்டிலுக்குள் போய் மூக்கனை உடைத்தேன். உருவம் வைப்பது மார்க்கத்துக்கு ஆகாது அல்லவா? மற்ற உருவங்களை ஏன் விட்டாய் என்று கேட்கிறீர்கள். நேரம் போதவில்லை. உடம்பைச் செல்லத்தம்பியின் குடிலில் பாய்க்கு அடியில் வைத்தேன். தலையை என் மடியில் முடிந்துகொண்டேன். ஜும்ஆ தவறிப்போனதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

குடிலைச் சோதிக்கும்படி போடியாரிடம் சொன்னவனும் நான்தான். செல்லத்தம்பி அழுதான்.

"புள்ளைகள்ர தலையில அடிச்சிச் சொல்றன் போடியார், நான் அதத் தொடவே இல்ல."

போடியார் கேட்கவில்லை. வாப்பாவின் வாப்பா சாடி அல்லவா? குடிலைப் பிரித்து வரம்பில் போட்டோம். அவனுடைய பெண்சாதி நிறைமாதக்காரி, மழை தூறிக்கொண்டிருந்தது. குடை கொடுக்கலாமா என்று யோசித்தேன். என்னிடம் ஒரு குடைதானே இருந்தது. பிள்ளை மாட்டுவண்டியிலேயே பிறந்ததாம். இரண்டு பேரும் சுகம் என்றார்கள், பிறகென்ன பெரிய கதை?

மற்றவர்களும் தாக்கத்தியைப் போட்டுவிட்டு, சாடியில் இருப்பது போலவே கைகட்டி வரம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. நெல் கதிரிலேயே முளைத்தது. போடியார் ஒரு கிழமை சோறு தின்னவில்லை, பாவம்.

அதோடு அடங்கியிருக்கும். ஆனால் போடியார் சாடியைத் திருத்தக் குயவன் நல்லரெத்தினத்திடம் கொடுத்தார். புது மூக்கனை அவன் எப்படிச் செய்வானோ என்று எனக்கு நித்திரை இல்லை. தலையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதப் பாத்துச் செய் தம்பி. மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்கு."

அவன் தலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓம் காக்கா, வச்சிட்டுப் போங்க" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னான். அன்று பின்னேரமே அந்தத் தலை போடியாரின் கைக்குப் போய்விட்டது. இப்போது உங்கள் முன்னால் இருப்பது அதுதான்.

வாசலில் செல்லத்தம்பி பிள்ளையோடு நிற்கிறான். அவனும் கேட்கட்டும். ஓம், உடைத்தது நான். அவனுடைய பாய்க்கு அடியில் வைத்தது நான். அரிசி எடுத்ததும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மரைக்கார், கைநாட்டு வைக்கிறேன்.

அந்த மூக்கு என்னுடையது என்று மட்டும் எழுதாதீர்கள்.