பதினெட்டாவது குழியும் ஆறு அடியும்

…ஆறு அடி சார்! ஆறு அடி! அதுவும் சாதாரண ஆறு அடியா? கீழ்ப்பக்கம் சரிவு, இடப்பக்கம் ஒரு இழுப்பு, கடக்காத்து வேற மூஞ்சியிலேயே அறையுது. அந்த இடத்துல எவனா இருந்தாலும் விட்டுருப்பான். ஆனா இந்த ஊர் என்ன பேசுது தெரியுமா? வாட்டி கெடிஸ் கோப்பையைத் தொலைச்சிட்டான், வாட்டி கெடிஸ் கோப்பையைத் தொலைச்சிட்டான்னு… நான்தான் சார் அந்த வாட்டி கெடிஸ். பத்து மாசமா சார்! எனக்கு ஊருக்குள்ள கசாப்புக்கடை. கறி வாங்க வர்ற பாதிரியார் சம்சாரம், கோல்ஃப்னா என்னன்னே தெரியாது அந்தம்மாவுக்கு, அது கேக்குது, "பந்து உள்ள போகலியாமே கெடிஸ்?"னு. கத்தியைக் கையில வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல?

கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்க, நான் உருட்டிப் பழகுற பந்து வருது… வருது… வருது… போச்சு. பாத்தீங்களா? குழிகிட்ட வந்து, உள்ள எட்டிப் பாத்துட்டு, வேண்டாம்னு அந்தப் பக்கம் போயிடுச்சு. உக்காருங்க, உக்காருங்க, நானே எடுத்துக்கிறேன். உங்களுக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு? ரெண்டரையா? நல்லதாப் போச்சு. எனக்கு ரெண்டு பத்துக்கு. எனக்குன்னா… எங்களுக்கு. ஜோடி ஆட்டம். கூட்டாளி வரணும். இன்னஸ்னு பேரு, இன்னஸ் ராட்ரே. வந்தா ஆடுவோம். வரலேன்னா அதோ அந்தப் பச்சைக் குடிசையில உக்காந்து ஒவ்வொருத்தரா பேர் கூப்பிடுறாரே கில்லஸ்பி, அவரு எங்க பேரு மேல ஒரு கோடு இழுத்துடுவாரு. இருபத்திரெண்டு வருஷத்து ஜோடி சார். ஒரே கோடு. …வருவான். வராமலா?

எங்க விட்டேன்? ஆங், ஆறு அடி.

நீங்க கிளாஸ்கோவுலருந்து வர்றவரு, உங்களுக்கு எங்க ஊர் தெரியாது. இங்க ஒவ்வொருத்தருக்கும் ஆட்டத்துல ஒரு ஓட்டை. அந்த மணல் குழியில பாருங்க, தலை மட்டும் தெரியுதே, அவரு பல் டாக்டர். காலையிலருந்து உள்ளதான் இருக்காரு. பாதி கடக்கரையை வெளிய வாரிப் போட்டுட்டாரு, பந்து மட்டும் வெளிய வரல. அங்கிட்டு அந்த சிவப்புக் கோட்டு டீச்சரம்மாவுக்கு ஓடை. ஓடை இல்லாத இடத்துல அந்தம்மா பிரமாதமா ஆடும். ஓடையைக் கண்ணுல பாத்துட்டா போதும், பந்து நேரா குளிக்கப் போயிடும். எனக்கு? எனக்குக் குட்டி உருட்டு சார். இருநூறு கெஜம் கண்ணை மூடிட்டு அடிப்பேன். குழியிலருந்து ஒரு முழத் தூரத்துல பந்து கெடந்தா உருட்டி உள்ள தள்ள முடியாது, கை இப்படி… பாருங்க, இப்பவே பாருங்க. முழு ஆட்டை நாலு வெட்டுல பிரிக்கிற கை இது!

இந்தக் குளிர்காலம் பூரா நான் பட்டது கொஞ்சமா? மட்டை மாத்தினேன், மூணு தடவை. பிடி மாத்தினேன். இடது கை மேல, வலது கை மேல, ஒரு வாரம் கத்தி பிடிக்கிற மாதிரி பிடிச்சேன். பந்தைப் பாக்காம குழியைப் பாத்து அடின்னான் ஒருத்தன். மூச்சை விட்டுட்டு அடின்னான் இன்னொருத்தன். விட்டேன். மூச்சுதான் போச்சு. வீட்டுல நடைபாதையில ஒரு டீக் கப்பைச் சாய்ச்சு வச்சு உருட்டிப் பாத்தேன், நாய் ஒவ்வொரு பந்தையும் கவ்விட்டுப் போயி சோபாவுக்கு அடியில போட்டுடுச்சு. ஷோனா, எம் பொண்டாட்டி, "இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு பந்து உருண்டுச்சு…"ன்னா. மிச்சத்தை அவ சொல்லல.

சரின்னு கடைக்குக் கொண்டு போனேன். கறி வைக்கிற குளிர் அறை இருக்குல்ல, ரெண்டு பக்கமும் ஆடு தொங்கும், நடுவுல வழவழன்னு சிமெண்ட் தரை. சாயங்காலம் கடையை அடைச்சுட்டு, ரெண்டு கோட்டை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு, நடுவுல தண்ணி போற ஓட்டை இருக்கே, அதோட சல்லடையைக் கழட்டி அதையே குழியா வச்சுக்கிட்டு… சார், பத்துக்குப் பத்து! நம்ப மாட்டீங்க. இந்த மூலையிலருந்து பத்து, அந்த மூலையிலருந்து பத்து. ஜனவரி முடியறதுக்குள்ள நூத்துக்கு நூறு. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. ஷோனாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "எனக்கு வந்துடுச்சுடி!"ன்னேன். உருட்டிக் காட்டினேன். அவ போயி ஒரு வாளித் தண்ணியை எடுத்து மூலையில ஊத்தினா.

தண்ணி நேரா அந்த ஓட்டைக்குள்ள போச்சு.

ரத்தம் கழுவுற தண்ணி தேங்கக் கூடாதுன்னு, நாலு பக்கத்துலருந்தும் நடுவுக்குச் சரிவு வச்சு கட்டின தரை சார் அது. கட்டச் சொன்னதே நான்தான். பந்தை நான் தும்மி விட்டாக்கூட அங்கதான் போகும்… சிரிங்க, சிரிங்க. அவளும் சிரிச்சா. தொங்கிட்டிருந்த ஆடெல்லாம் சிரிச்ச மாதிரிதான் எனக்கு இருந்துச்சு.

அப்புறம்தான் கிர்ஸ்டிகிட்ட போனேன். நம்ம கிளப்புல சொல்லிக் கொடுக்கிற பொண்ணு. நாலரை அடியில பத்து பந்து வச்சா, அன்னைக்கு நான் விட்ட அதே தூரத்துல…

என்ன? ஆமா, நாலரை. நான் எப்ப ஆறுன்னேன்? சொன்னேனா? பேச்சு வேகத்துல வந்துருக்கும். சரிவுல இருக்கிற நாலரை ஆறுக்குச் சமம் சார், ஆடுறவங்களுக்குத் தெரியும். …கிர்ஸ்டி பாத்தா. பத்துல ஏழு போட்டேன். அவ சொல்றா, "கெடிஸ், உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. இந்த ஊர்ல பாதிப் பேரு இதைவிட மோசம். உங்களுக்கு வேற எதுவோ உறுத்துது." இதுக்கா நான் போனேன்? கோளாறு சொல்லும்மான்னா இல்லைங்குறா!

மணி என்ன? ஒண்ணு அம்பத்தஞ்சா… வருவான்.

இன்னஸ் கூரை வேலை செய்யுறவன். ஊர்ல பாதி ஸ்லேட்டுக் கூரை அவன் போட்டது. என் கடைக் கூரை பிப்ரவரியிலருந்து ஒழுகுது. கீழ வாளி வச்சிருக்கேன். சாசேஜ் மெஷினுக்குப் பக்கத்துல டொக்கு டொக்குன்னு சொட்டிக்கிட்டே இருக்கு. வேற ஆளைக் கூப்பிடலாம். எப்படிக் கூப்பிடுறது? அவன் ஏத்தின கூரையில இன்னொருத்தன் காலை வைக்கறதா? அவன் மட்டும் என்னவாம். ஊர்ல இருக்கிறதே என் கடை ஒண்ணுதான். அவன் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி, முக்கா மணி நேரம் போயி, அடுத்த ஊர்ல சாசேஜ் வாங்கிட்டு வர்றான். நான் பாத்தேனே, பஸ் ஜன்னல்ல, மடியில பொட்டலத்தோட. அந்த ஊர் சாசேஜ்ல பாதி ரொட்டித்தூள் சார்! எனக்கு வயிறெரிஞ்சு போச்சு.

ஒரு மூணு அடிக்காக இதெல்லாம்…

ஆமா, மூணு. நீங்க ஒண்ணும் சொல்லல, தெரியும். அப்படிப் பாக்குறீங்களே. மூணுதான்னு வச்சுக்கங்க.

போகப் பாக்குறீங்களா? இருங்க சார், பிளாஸ்க்குல டீ இருக்கு. கம்பளித் துணியில சுத்தி ஆட்டுக்கறி வச்ச பேஸ்ட்ரி இருக்கு, நம்ம கடையுது, சூடு ஆறியிருக்காது. எடுத்துக்கங்க. தனியா நிக்க முடியல சார் இன்னைக்கு.

ஜோடி ஆட்டம் ஆடியிருக்கீங்களா? ஒரே பந்து, ரெண்டு பேரு, மாத்தி மாத்தி அடிக்கணும். நான் முள்ளுப் புதருக்குள்ள விட்டா அவன் உள்ள போயி எடுக்கணும். அதனால எங்க ஊர்ல ஒரு வழக்கம்: ஜோடிக்குள்ள மன்னிப்பு கேக்கக் கூடாது. ஒருக்கா ஆரம்பிச்சா பதினெட்டு குழிக்கும் அதைத்தான் சொல்லிட்டுத் திரியணும்னுதான். இருபத்திரெண்டு வருஷத்துல நான் அவனை எங்கெல்லாம் நிக்க வச்சிருக்கேன்! ஓடைத் தண்ணியில, ரயில் வேலி ஓரத்துல, ஒரு தடவை கல்லறைத் தோட்டத்துச் சுவரு மேல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. பந்தைத் தேடுவான், அடிப்பான், நடப்பான்.

போன வருஷம் கடைசி ஆட்டம், கடைசிக் குழி, ரெண்டு பக்கமும் சமம். எதிராளிங்க முடிச்சுட்டாங்க. நாங்க ரெண்டு தட்டுல போட்டா இன்னும் ஆட்டம் இருக்கு, கோப்பை இருக்கு. பந்து குழி இருக்கிற புல்தரையோட பின் ஓரத்துல கெடக்கு, இன்னஸோட முறை. நாப்பது அடி சார்! நடுவுல ரெண்டு மேடு. ஊரே சுத்தி நிக்குது. அவன் குனிஞ்சு பாத்தான், மூக்கைத் துடைச்சான், உருட்டினான். அந்தப் பந்து மேடு ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி… அவன் வாழ்க்கையிலேயே அப்படி ஒண்ணு உருட்டியிருக்க மாட்டான். எனக்கு என்ன மிச்சம் வச்சான் தெரியுமா? ரெண்டு அடி.

…இல்ல. அதுவும் பொய்.

ஒன்னரை அடி சார். ஒன்னரை. வேற நாளா இருந்தா, "போட்ட மாதிரிதான், எடுத்துக்கப்பா"ன்னு எதிராளியே விட்டுருப்பான். அன்னைக்கு ரெண்டு பேரும் கடலைப் பாத்துட்டு நின்னானுங்க. நான் தட்டினேன். விட்டுட்டேன். சரிவும் இல்ல, காத்தும் இல்ல. விட்டுட்டேன், அவ்வளவுதான்.

அப்பவும் இன்னஸ் என் தோள்ல கையைப் போட்டான். "வா, தொண்டை காயுது"ன்னான். அதோட போயிருந்தா நல்லா இருந்துருக்கும். கிளப் பார்ல ஒரே கூட்டம். எவனோ ஒருத்தன், "எப்படி வாட்டி விட்ட?"ன்னான். நான் சொன்னேன், "நான் என்னப்பா பண்றது, அந்த இன்னஸ் பாவி ஆறு அடி தள்ளி வச்சுட்டானே"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு நல்லா இருந்துச்சு சார். உண்மையைச் சொல்லணும்ல, நல்லா இருந்துச்சு. திரும்பிப் பாத்தா அவன் நிக்கிறான். கையில ரெண்டு கிளாஸ். ஒண்ணு எனக்கு.

ரெண்டையும் மேசை மேல வச்சான். தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ரெண்டையும் நானே குடிச்சேன். அதையும் சொல்லிடுறேன்.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். மூணாவது தெருதான். நான் என்ன நினைச்சுக்கிட்டேன்? ஜோடிக்குள்ள மன்னிப்பு கேக்கக் கூடாதுல்ல, வழக்கம்ல! ஆட்டம் முடிஞ்சு போச்சு, பார்ல எதுக்குடா அந்த வழக்கம்னு புத்தி கேக்கல. பத்து மாசமா அந்த வழக்கத்துக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சுட்டிருக்கேன். குட்டி உருட்டைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு ஆட்டுக்கு நடுவுல நின்னு உருட்டிட்டிருக்கேன். உருட்டு விட்டதுக்கா சார் அவன் கோவிச்சான்?

அப்புறம் என்ன தைரியத்துல வந்து நிக்கிறேன்னு கேப்பீங்க. பலகையில இந்த வருஷத்து ஜோடிப் பட்டியல் ஒட்டினாங்க. அவனைக் கேக்காமலே ரெண்டு பேரையும் எழுதிட்டேன். மூணு வாரமா தினம் போயிப் பாக்குறேன், அவன் தன் பேரை அடிச்சு விட்டுருக்கானான்னு. அடிக்கல சார். நேத்து வரைக்கும் அடிக்கல. பாக்கவே இல்லியோ என்னமோ.

மணி? …ரெண்டு ஏழு. கில்லஸ்பி என்னைப் பாக்குறாரு. பாவமாப் பாக்குறாரு, அது இன்னும் மோசம். சரி சார். நீங்க கிளம்புங்க, உங்க ஆட்டத்தைப் பாருங்க. பேஸ்ட்ரியைச் சாப்பிட்டீங்கள்ல, அது போதும். நான் போயி அவரே கோடு இழுக்கறதுக்கு முன்னாடி…

என்ன பாக்குறீங்க? எங்க? கார் நிறுத்துற இடத்துலயா?

…ஏணி கட்டின வேன்.

சார், இந்த மட்டையைக் கொஞ்சம் பிடிங்க. 

இன்னஸ்! டேய் இன்னஸ்! நில்லு, அங்கேயே நில்லு! கிட்ட வராத, கிட்ட வந்தா எனக்கு வாய் வராது! ஒன்னரை அடிடா! கேக்குதா? ஆறு இல்ல, ஒன்னரை! கில்லஸ்பி, நீங்களும் கேட்டுக்கங்க! டாக்டர், மணலை விட்டு வெளிய வாங்க, உங்களுக்கும்தான்! நாப்பது அடியிலருந்து இன்னஸ் ராட்ரே ஒன்னரை அடிக்குக் கொண்டாந்து வச்சான், நான்தான் விட்டேன்! பார்ல நான் சொன்னது பச்சைப் பொய்! மன்னிச்சுக்கடா! …தெரியும், தெரியும், ஜோடிக்குள்ள சொல்லக் கூடாது. ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலடா, ரெண்டு நிமிஷம் இருக்கு!

என்ன? காத்துல கேக்கல, சத்தமா!

…ஒரு அடியா?

டேய், அநியாயம் பண்ணாத. ஒரு அடியெல்லாம் இல்ல, நான் மறுநாள் போயி அளந்தே பாத்தேன், என் ஷூவை வச்சு…

…சரி.

சரிடா. ஒரு அடி. ஒரே ஒரு அடிதான். வா.