வேன் நிற்கும் இடங்கள்

யுவராணி: ...மொதல்ல உக்காருங்கக்கா. பஸ்ஸ விட்டு எறங்குன கையோட வாசல்ல நின்னுக்கிட்டே பேசுறீக.

உமா: உக்கார வரல யுவராணி. கதவச் சாத்து.

யுவராணி: சாத்துனா உள்ள வெந்துரும். கடல்காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது.

உமா: வேகட்டும். சாத்து.

யுவராணி: சாத்தியாச்சு. டீ போடவா? ஒங்க ராமநாதபுரம் ஆபீசுல குடுக்குற சுடுதண்ணி மாதிரி இருக்காது. நல்ல டீ.

உமா: வேண்டாம்த்தா.

யுவராணி: உமா அக்கா வாயிலருந்து டீ வேண்டாம்னு இன்னைக்குத்தான் கேக்குறேன். மழதான் வரப்போகுது.

உமா: பையன் எங்க? அய்யப்பன்?

யுவராணி: பக்கத்துல தாஹா பாய் வீட்டுல இருக்கான். வீட்டுக்காரம்மா தோச சுட்டா, இவன் இங்கன சாப்புட மாட்டான்.

உமா: பள்ளிக்கூடம்?

யுவராணி: போகல. வயித்து வலி.

உமா: நீ லாட்ஜு வேலைக்குப் போகலையா?

யுவராணி: லீவு சொல்லிட்டேன். ஒடம்பு சரியில்ல.

உமா: அவனுக்கு வயிறு, ஒனக்கு ஒடம்பு... ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?

யுவராணி: கேள்வியப் பாரு! நீங்க போலீசுல சேர வேண்டியவுகக்கா. பெண்கள் மையத்துல ஒக்காந்து வீணாப் போறீக.

உமா: வெளையாடாத. நேத்து சாயங்காலம் ஒன் போன்ல வாட்சப் குரூப்பு ஒண்ணு வந்துச்சா?

யுவராணி: ம்.

உமா: பாத்தியா?

யுவராணி: பாக்காம? ஞாயித்துக்கெழம கூட்டம், அனைவரும் வருகன்னு ரோசாப்பூ போட்டு, கும்புடுற கை போட்டு... கீழ வேன் நிக்கிற எடம். ஒவ்வொரு ஸ்டாப்பாப் போட்டு, அங்கன ஏறுற ஆளு பேரு. இந்த அக்காள்மடம் ஸ்டாப்பு... நேரா யுவராணி. சிரிப்பு வந்துருச்சுக்கா.

உமா: சிரிச்சியா?

யுவராணி: பெறகு? கூடப் பொறந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லாம இம்புட்டு வருசமா ஒளிஞ்சு கெடக்குறேன். நீங்க என்னடான்னா கல்யாணப் பத்திரிகை கணக்கா ஊரும் பேரும் போட்டு அனுப்பியிருக்கீக. ரெண்டாம் கல்யாணம் யார் கூடன்னு மட்டும் போடல.

உமா: திட்டிரு யுவராணி. நீ இப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறது எனக்குத் தாங்கல.

யுவராணி: யாரத் திட்ட? அந்தப் புதுப்புள்ள மாலதியவா? பாவம், அதுவே ஊமக்கோட்டான் மாதிரி இருக்கும்.

உமா: மாலதி இல்ல. நான்தான் அனுப்புனேன்.

யுவராணி: ...நீங்களா?

உமா: நான்தான்.

யுவராணி: போங்கக்கா. ஒங்க போன்ல என் பேரயே பால்காரம்மான்னுதான வச்சிருக்கீக? போன் தொலஞ்சாலும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு?

உமா: இப்பவும் பால்காரம்மாதான். ஒவ்வொருத்தருக்கா தனித்தனியாத்தான் அனுப்புவேன். இத்தன வருசமா அப்படித்தான் செஞ்சேன். போன கூட்டத்துக்கு ஒரு பொண்ணு கைப்புள்ளயோட பஸ்சு மாறி மாறி, வெயில்ல வந்து மயங்கி விழுந்துச்சுல்ல...

யுவராணி: ஆமா. நான்தான் தண்ணி தெளிச்சேன்.

உமா: அதப் பாத்துட்டு, அலையா அலைஞ்சு ஒரு வேன் பிடிச்சேன். புள்ளைக இனிமே கால் கடுக்க நிக்க வேண்டாம்னு ஒரே சந்தோசம் எனக்கு. வேன் எங்க நிக்கும், எங்க நிக்கும்னு ஆளாளுக்குப் போனு. சரி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருவோம்னு... அந்தச் சந்தோசத்துல புத்தி செத்துப் போச்சுத்தா.

யுவராணி: அழாதீகக்கா. நீங்க அழுதா நான் யார்கிட்டப் போயி அழ?

உமா: தப்பு பண்ணுனதப் பாத்த ஒடனே அழிச்சுட்டேன். அழிக்குறதுக்குள்ள பாக்குறவுக பாத்திருப்பாக. எங்க ஆபீசு காளிதாஸ் சார் என்ன சொல்றாரு தெரியுமா? அழிச்சாச்சுல்ல, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, சும்மா பீதியக் கெளப்பாதீங்கன்னாரு.

யுவராணி: பெரிய ஆபீசரு.

உமா: வேலைய விட்டுத் தூக்குனாத் தூக்கட்டும்னு கெளம்பிட்டேன். எல்லாரையும் நேர்ல பாத்துச் சொல்லணும். மண்டபம் ஊருல ஒருத்தியப் பாத்துட்டுத்தான் இங்கன வாரேன். தூத்துக்குடியில ஒரு ஹோம் இருக்கு, பேசிட்டேன். மத்தியானம் கார் வரும். துணிமணி எடுத்து வையி.

யுவராணி: வச்சாச்சு.

உமா: எப்ப?

யுவராணி: ராத்திரியே. கட்டிலுக்கு அடியில பாருங்க. குரூப்பப் பாத்துச் சிரிச்சேன்னு சொன்னேன்ல, சிரிச்சு முடிச்சதும் கட்டிட்டேன். உமா அக்கா வருவாக, வந்ததும் போயிருவோம்னு ஒக்காந்திருக்கேன்.

உமா: ...அவ்வளவு நம்பிக்கையா என் மேல? இப்பக்கூடவா?

யுவராணி: வேற யாரு இருக்கா எனக்கு? ஆனா ஒண்ணுக்கா. எங்க ஊர விட்டு வந்தப்ப எனக்கு ஒரு பொட்டு வருத்தம் இல்ல. இங்கேருந்து போக மனசு வரல. அய்யப்பன் இங்கன வந்துதான் வாய் தொறந்து பேசுனான். முன்னல்லாம் யாராச்சும் கையத் தூக்குனா மொகத்த மூடிக்கிருவான். இப்பப் பாருங்க, வாத்தியார் கையிலருந்து சாக்பீசப் புடுங்கிட்டு ஓடுறானாம். கம்ப்ளைண்டு வருது. அந்தக் கம்ப்ளைண்டக் கேக்க எனக்கு எம்புட்டு இனிப்பா இருந்துச்சு தெரியுமா?

உமா: என்னைய மன்னிச்சிரு யுவராணி.

யுவராணி: மன்னிக்கிறது இருக்கட்டும். நான் ஒண்ணு கேப்பேன், உண்மையச் சொல்லணும்.

உமா: கேளு.

யுவராணி: இந்தக் குரூப்புக்கு முன்னாடி என் அட்ரஸ யாருக்காச்சும் குடுத்தீகளா?

உமா: என் புள்ளைக மேல சத்தியமா இல்ல. ஏன் கேக்குற?

யுவராணி: சும்மாதான். குரூப்புல இருந்தது பூராம் எங்கள மாதிரி அடிபட்டு வந்த பொம்பளைகதான? பெறகு என் புருசனுக்கு எப்படித் தெரியப்போகுது?

உமா: பொம்பள போனு பொம்பள கையிலயா இருக்கு நம்ம பக்கத்துல? காசு போட்டுவிடுறவன் கையிலதான பாதி நேரம் இருக்கு.

யுவராணி: யாரு போனு காளிராஜ் கையில இருக்கு?

உமா: நான் அப்படிச் சொல்லல.

யுவராணி: ஆலங்கண்மாய் விலக்கு, பூமயில்னு ஒரு பேரு இருந்துச்சுக்கா. அது எங்க ஊருக்குப் பிரியிற விலக்குதான? யாரது பூமயில்? எங்க ஊருல அந்தப் பேருல ஆளே கெடையாது. ஆடு மாட்டுக்குக்கூட அந்தப் பேரு வச்சதில்ல.

உமா: அதக் கேக்காத.

யுவராணி: ஏன்?

உமா: எல்லார் பேரையும் ஒரு தடவ சந்தியில விட்டாச்சு. இன்னொரு தடவ என் வாயால ஒருத்தர் பேரச் சொல்லச் சொல்லாத. இனிமேயாவது நான் வாயக் கட்டணும்ல?

யுவராணி: நல்லாருக்கே! கட்ட வேண்டிய நேரத்துல கட்டாம, இப்பக் கட்டுறீக!

உமா: சொல்லிக்க. வாங்கிக்கிறேன்.

யுவராணி: சரி, வேற மாதிரி கேக்குறேன். என் மாமியா பிச்சையம்மா... அது ஒங்க ஆபீசுப் பக்கம் வந்திருக்கா?

உமா: இன்னைக்கு ஏன் திடீர்னு மாமியா நெனப்பு?

யுவராணி: நெனப்பா? அந்தக் கெழவிய நெனச்சு நான் ஏங்குறேன் பாருங்க! அவன் என்னைய முடியப் புடிச்சு வீட்டு முத்தத்துல இழுக்குறப்ப அது என்ன பண்ணும் தெரியுமா? மொளகாக் காம்பு கிள்ளிக்கிட்டு இருக்கும். தல நிமிராது. ஒரு வார்த்த? 'விட்ரா'ன்னு ஒரே ஒரு வார்த்த? அவன் அடிச்சு ஓஞ்சு போன பெறகு அது பாட்டுக்கு மொளகாய அள்ளிக்கிட்டு உள்ள போகும்.

உமா: தல நிமிந்தா அவுக முதுகும்தான...

யுவராணி: என்ன?

உமா: ஒண்ணுமில்ல.

யுவராணி: இல்ல, இப்ப என்னமோ சொன்னீக. அவுக முதுகும்தான?

உமா: யுவராணி, விடு. கார் வர்றதுக்குள்ள...

யுவராணி: கார் நிக்கட்டும்! அதோட முதுகுக்கு என்ன? அக்கா, என்னையப் பாருங்க. பூமயில் யாரு?

உமா: ஏன் இப்படி விடாமக் கேக்குற?

யுவராணி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கக்கா. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.

உமா: கைய எறக்கு... எறக்குத்தா. இதச் சொன்னா நான் அந்த ஆபீசு நாற்காலியில ஒக்காரவே லாயக்கில்லாதவ.

யுவராணி: சொல்லலைன்னா?

உமா: ...சொல்லித்தான் ஆகணும் போல. எனக்கும் ஒரு பயம் இருக்கு. ராத்திரியிலருந்து அந்தப் போனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், போகவே மாட்டேங்குது. அந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர விட்டுப் பாக்கச் சொன்னேன். விடியக் கருக்கல்ல பஸ்ஸேறுனாகளாம். எங்க போனாகன்னு தெரியல.

யுவராணி: யாரு?

உமா: ஒன் மாமியாதான். பூமயில் அவுகளுக்கு ஆத்தா வச்ச பேராம். மகனுக்கே தெரியாத பேரு, அதையே எழுதிக்கங்கன்னாக. நீ வந்த பெறகு அவுகளும் ஆபீசுக்கு வந்தாக. அடிக்க நீ இல்லைன்னதும் ஒங்க அத்தைய அடிக்க ஆரம்பிச்சான். முதுகக் காட்டுனாக. நான் எத்தனையோ பாத்திருக்கேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

யுவராணி: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க.

உமா: ஒன் பேச்ச அவுககிட்டயும் சொன்னதில்ல, அவுக பேச்ச ஒன்கிட்டயும் சொன்னதில்ல. அதான் எங்க வழக்கம். சரியா தப்பான்னு இப்பத் தெரியல. கூட்டத்துக்கும் ஒங்க ரெண்டு பேரையும் வேற வேற நாள்லதான் கூப்புடுவேன். இந்தத் தடவ வேன் இருக்கேன்னு எல்லாரையும் ஒண்ணா... அந்தக் கூறும் கெட்டுப் போச்சு.

யுவராணி: அது... அவுக... என்னையப் பத்திக் கேப்பாகளா?

உமா: வர்றப்பல்லாம் கேப்பாக. நல்லாருக்காளா, பேரன் வளந்துட்டானா. நான் தலைய மட்டும் ஆட்டுவேன். ஒரு தடவ மனசு கேக்காம, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லவான்னு கேட்டுட்டேன். பதறிப் போய் என் வாயப் பொத்துனாக.

யுவராணி: ஏன்?

உமா: "சொல்லிராதம்மா. அவன் அடிக்கிற அடியில நான் ஒளறிப்புடுவேன். எனக்குத் தெரியாம இருக்குற வரைக்கும்தான் அவ உசுரோட இருப்பா"ன்னாக. இத்தன நாளா அவுக காதுல விழாமப் பாத்துக்கிட்ட ஊரு பேர நான் அவுக போனுக்கே அனுப்பிட்டேன். பூரா எழுத்துக்கூட்டிப் படிப்பாக வேற.

யுவராணி: அக்கா...

உமா: அதான் மொதல்ல அவுகளக் கண்டுபிடிக்கணும். ஒன்னையக் கார்ல ஏத்திட்டு நான் ஒங்க ஊருப் பக்கம், பரமக்குடிக்கு ஓடணும். ஒங்க ரெண்டு பேரையும் சேத்தே தூத்துக்குடிக்கு... ஏத்தா? ஏன் கீழ ஒக்காந்துட்ட?

யுவராணி: இதக் காலையிலயே வந்து சொல்லியிருக்கக் கூடாதாக்கா. ஒரு பஸ்சு முன்னாடி வந்திருக்கக் கூடாதா.

உமா: யுவராணி... இங்கன வந்தாகளா?

யுவராணி: வந்தாக.

உமா: அய்யோ. என்ன சொன்னாக?

யுவராணி: "போனக் கெணத்துல போட்டுட்டேன், அவன் இன்னும் பாக்கல, புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டாச்சும் ஓடிரு தாயி"ன்னாக. நீ எப்படி எடத்தக் கண்டுபுடிச்சன்னு கேட்டேன். நானும் அந்த ஆபீசுக்குப் போறவதான்னு சொன்னாக. நம்பலக்கா நான். மகன் வேவு பாக்க அனுப்பியிருக்கான்னு நெனச்சுட்டேன். பேரன ஒரு தடவ காட்டு, தள்ளி நின்னு பாத்துக்கிறேன்னு கேட்டாக. அய்யப்பன தாஹா பாய் வீட்டுல ஒளிச்சு வச்சுட்டு, அவன் இங்கன இல்லைன்னு சொல்லிட்டேன்.

உமா: இப்ப எங்க அவுக? சொல்லுத்தா, எங்க?

யுவராணி: "நான் அங்க திரும்பிப் போக முடியாதுடி"ன்னு என் கையப் புடிச்சாக. நான் அந்தக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, மதுர பஸ்ஸ மறிச்சு ஏத்திவிட்டு, பரமக்குடி வர்ற வரைக்கும் இந்தம்மா என்ன சொன்னாலும் எங்கயும் எறக்கி விட்றாதீகன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்க்கா.