வண்டியக் கொஞ்சம் தள்ளி வுடுங்க

அங்க வுடாதீங்க தம்பி. வண்டிய அங்க வுடாதீங்க. அந்தாண்ட புங்கமரத்துக்கிட்ட வுடுங்க. சேச்சே, ரூல்லாம் ஒண்ணும் இல்ல. கேட்டுக்கு வெளிய எங்க வேணா வுடலாம், அது ரோட்டுக்காரன் எடம். கொஞ்சம் தள்ளி வுடுங்கன்றேன், அவ்ளோதான். அஞ்சி நிமிசத்துல கெளம்பிடுவீங்களா? சரி வுடுங்க, போவும்போது பாத்துக்கலாம். உள்ள வாங்க.

நான்தான் வியாகுலம். ஒண்ணாம் நம்பர் வூடு. கேட்டத் தொறந்தா மொதல்ல என் மூஞ்சிலதான் முழிக்கணும். ஒம்போது வருசமா இந்தக் காலனிக்கு நான்தான் தலைவரு. வேற எவனும் வர மாட்டேன்றான், வந்தா திட்டு வாங்கணும் இல்ல? ஆறாம் நம்பர் சாவி என்கிட்ட இருக்குதுன்னு வூட்டுக்காரரு பொன்னுரங்கம் போன்ல சொன்னாரா? தோ, இடுப்புலதான் இருக்குது. வூட்ட அப்பறம் பாக்கலாம். மொதல்ல இந்தக் கல்லப் படிங்க. குடிவர்றவங்க யாரா இருந்தாலும் இத்தப் படிச்சி, நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுதான் சாவிய வாங்கணும். கலெக்டர் ஆபீஸ்ல வேல பாக்கறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா.

கருங்கல்லு. தியாகதுருகத்துலேர்ந்து எடுத்தாந்தேன். தகர போர்டு வெக்கலாம்னாங்க. வாணாம்யா, பெயிண்டு உதுந்துடும், நாளைக்கி ஒருத்தன் இந்த ரூலே இல்லன்னுவான், கல்லுல வெட்டிடுன்னேன். பதினாறு வூடு. இந்தாண்ட எட்டு, அந்தாண்ட எட்டு. ரெண்டு வூட்டுக்கு ஒரே செவுரு. அஞ்சாம் நம்பர்ல தும்முனா ஆறாம் நம்பர்ல நூறு வயசுன்னுவாங்க. நடுவுல பத்தடி வழி. ஒரு போர், ஒரு மோட்டார், ஒரு தொட்டி. ரூல் இல்லன்னா அடிச்சிக்கினு செத்துடுவானுங்க.

படிச்சிட்டீங்களா? பதினொண்ணா? அத்த அப்பறம் சொல்றேன். மொதல்ல ஒண்ணு, ரெண்டப் பாருங்க, அதான் முக்கியம். மோட்டார் மொற வாரத்துக்கு ஒரு வூடு. காலையில ஆறு மணிக்குப் போடணும், தொட்டி ரொம்பறவரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். போட்டுட்டு உள்ள போயி டிவி பாக்கக்கூடாது. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு தொட்டி கழுவறது. ஆம்பள பொம்பளன்னு பேச்சு கெடையாது, வூட்டுக்கு ஒரு ஆளு எறங்கணும். நாங்க சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து எறங்குவோம், ஹயாத் பாஷா வூட்ல விடிகாலயிலயே எறங்கிடுவாங்க. நான்கூட எறங்குவேன். வயசு அறுபத்தி ரெண்டு, முட்டி வலிக்குது, ஆனா நான் எறங்கலன்னா மத்தவன் எறங்குவானா?

இருங்க. ஏம்மா எழில்மதி! பாத்திரம் கழுவன தண்ணிய எங்க ஊத்தற? வழியிலயா ஊத்தறது? எத்தினி வாட்டி சொல்றது உனக்கு, பாசி புடிச்சி எவனாவது வழுக்கி வுழுந்தா நீ வந்து தூக்குவியா? இன்னா சிரிப்பு? நாலாம் நம்பர் ரூல் இன்னா சொல்லு பாக்கலாம். ஆங், சொல்லத் தெரியுது இல்ல? அப்ப ஊத்தாத.

நல்ல பொண்ணுதான் தம்பி. ஒம்போதாம் நம்பர். டீச்சரா இருக்குது. முந்தியெல்லாம் நான் கத்துனா பதிலுக்கு பதில் கத்தும். இப்ப சிரிச்சிட்டு உள்ள போயிடுது. இப்ப யாருமே கத்தறதில்ல என்கிட்ட.

கூட யாரு வர்றாங்க? சம்சாரம், ஒரு கொழந்த, அம்மா. அம்மாக்கு இன்னா வயசு? எழுவத்தெட்டா? திருக்கோவிலூர்லேர்ந்து கூட்டியாறணுமா? நடக்கறாங்களா? புடிச்சிக்கினு நடக்கறாங்க. ம். மாடி ஏற வாணாம், கீழ ஒரு ரூம் இருக்குது, பாத்ரூமும் ஒட்டனாப்பல இருக்குது. பொன்னுரங்கத்தோட அம்மாவும் அந்த ரூம்லதான் இருந்துச்சி. குஞ்சம்மா.

பதினொண்ணுதானே கேக்கறீங்க. சொல்றேன்னு சொன்னேன் இல்ல. வழியில் பந்தல், நாற்காலி, அடுப்பு, பெட்டி வைக்கக் கூடாது, நல்லதற்கும் கெட்டதற்கும். அதானே? பெட்டின்னா இன்னா பெட்டியா? பொணப் பெட்டி தம்பி. கரண்ட்ல ஓடுமே, ஐஸ் பெட்டி.

மொறைக்காதீங்க. நல்ல ரூல்தான் அது. சும்மா வெக்கல. ஹயாத் பாஷான்னு சொன்னேனே, பன்னண்டாம் நம்பர், பஸ் ஸ்டாண்டுகிட்ட பாத்திரக் கட. அவரு பொண்ணு அப்ரின் பிரசவத்துக்கு இங்க வந்துருந்துச்சி. ஆறு வருசம் ஆவுது. மூணாம் நம்பர்ல காதுகுத்து. வழிய அடச்சி பந்தலு, நடுவுல அடுப்பு, அண்டா நெறைய சாம்பாரு. இந்தப் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. ஆட்டோ உள்ள வர முடியல. சாம்பார் அண்டாவத் தாண்டி, எல வெட்டிக்கினு இருந்தவங்களத் தாண்டி, வயித்தப் புடிச்சிக்கினு கேட்டுவரைக்கும் நடந்துச்சி பொண்ணு. ஆட்டோவுலயே பொறந்துடுச்சி கொழந்த. நல்லாத்தான் இருக்குது, பையன், தோ இந்த வழியிலதான் சைக்கிள் ஓட்டிக்கினு திரியும். அன்னைக்கு மட்டும் ஒண்ணு ஆயிருந்தா?

அன்னைக்கே மீட்டிங் போட்டேன். பந்தல் கூடாதுன்னேன். சரின்னாங்க. கெட்டதுக்கும் கூடாதுன்னேன். எல்லாரும் வாய மூடிக்கினு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறானுங்க. நானும் வாயத் தொறக்கல. ஏன்னா அதான் என் தொழிலு.

நான் ஏழாவதோட நின்னுட்டவன் தம்பி. கச்சிராயபாளையத்துல புளி மூட்ட தூக்குனேன், அப்பறம் மலைக்கு ஏறி நானே புளி வாங்க ஆரம்பிச்சேன். வெள்ளிமல, கரியாலூர்லாம் இந்தக் காலு படாத எடம் கெடையாது. பேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் கத்துக்கிட்டேன். மொதல்ல வாயத் தொறக்கறவன் தோத்தான். புளியக் கையில எடுத்து மோந்து பாத்துட்டு கீழ வெச்சிடணும். அப்பறம் பேசக் கூடாது. அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். மலைக்காரங்க பாவம், வெள்ள மனசு, அவங்களுக்குப் பேச்சு வந்துடும். எனக்கு வராது. ஒரு மணி நேரம் ஆனாலும் வராது. அந்தப் பேரத்துலதான் இந்த வூட்ட வாங்குனேன்.

மீட்டிங்குலயும் அதான் ஆச்சி. கால் மணி நேரம் பாத்தானுங்க, கையெழுத்துப் போட்டானுங்க. பொன்னுரங்கமும் போட்டாரு. கெவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சாது. அவரு போட்டதுதான் மொத கையெழுத்து.

இல்ல தம்பி, வூட்டுக்குள்ள போவாது அந்தப் பெட்டி. பாருங்க, ஏறனவொடனே கதவு, கதவத் தாண்டுனா மாடிப்படி. ஆறே முக்கால் அடிப் பெட்டிய எங்க திருப்புவீங்க? கட்டனவன் உசுரோட இருக்கறவனுக்குத்தான் கதவு வெச்சான். வெச்சா வழியில வெக்கணும். வழியில கூடாதுன்னா கேட்டுக்கு வெளிய வெக்கணும்.

ரெண்டு வருசம் முன்னாடி, பங்குனியில, குஞ்சம்மா போச்சி. பெட்டி வந்துது. வழியில எறக்கிட்டாங்க, அவங்க வூட்டு நேரா. நான் மலையிலேர்ந்து லாரியோட வர்றேன். பாத்தவொடனே சுர்ருன்னு ஏறிடுச்சி. இன்னா பொன்னுரங்கம், மொத கையெழுத்து யாருதுன்னு கேட்டேன். அழுதுக்கினு இருந்த மனுசன் எழுந்து நின்னாரு. மவனும் மருமவனுமா பெட்டியத் தூக்கிக்கினு போயி கேட்டுக்கு வெளிய வெச்சாங்க. பெட்டி குலுங்கி, உள்ள அந்தம்மா தல ஒருபக்கமா சாஞ்சிடுச்சி. எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன்.

எங்கூட்டுக்காரி ஆனந்தமேரி சொன்னா, ஏங்க, ஒரு பகலு வுட்டா இன்னாங்கன்னா. உன் வேலயப் பாருடின்னேன். அவ குடம் தண்ணியும் டம்ளரும் எடுத்துக்கினு வெளிய போயி நின்னா. சாயங்காலம் எடுக்கறவரைக்கும் உள்ள வரல. ரோட்ல கரும்பு லாரி போவுது, ஆரன் அடிக்கறான், மேளம் அடிக்கறவனுக்கு எடம் இல்ல, எதிர்ல பஞ்சர் கட. மூஞ்செல்லாம் புழுதியோட வந்தா. சோறு போட்டா. பேசல. அப்பறம் பேசுனா, ரெண்டு நாளு கழிச்சி. ஆனா அதப்பத்தி பேசல.

பொன்னுரங்கம் பதினாறாம் நாள் காரியத்த எலவனாசூர்கோட்டையில சொந்தக்காரங்க வூட்ல வெச்சிக்கினாரு. அப்பறம் வரவே இல்ல. வூடு பூட்டியே கெடந்துச்சி. மோட்டார் மொற வந்தா நான் போட்டுடுவேன், ஆறாம் நம்பருக்கு.

இருங்க, முடிச்சிடறேன். போன மே மாசம் மறுபடியும் பெட்டி வண்டி வந்துது. மத்தியானம் பன்னண்டு மணி இருக்கும். கேட்டுக்கிட்ட நிறுத்திட்டு டிரைவர் எறங்கனான். எங்க சார் எறக்கறதுன்னான். பதினாலு வூட்டுக்காரங்களும் அவங்கவங்க வாசப்படியில நிக்கறாங்க. எழில்மதி நிக்குது. ஹயாத் பாஷா கடைய மூடிட்டு வந்து நிக்கறாரு, அவரு சம்சாரம் ஜீனத்துன்னிசா அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கினு நிக்குது. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நான் அவங்களப் பாக்கறேன்.

ஒருத்தர் சொல்லியிருந்தா போதும். உள்ள கொண்டாப்பான்னு ஒரே ஒருத்தர். சொல்லல. நான் சொல்லியிருந்தாலும் உள்ள வந்துருக்கும். மூடிக்கினே வெல முடிச்ச வாயி தம்பி. தொறக்கல. யாரு மொதல்ல தொறக்கறதுன்னு நின்னுக்கினு இருக்கறோம். அவங்க நான் சொல்லுவேன்னு பாத்தாங்களாம், பின்னாடி ஹயாத் பாஷா சொன்னாரு. நீங்க வெச்ச ரூலு, நாங்க எப்படிங்க சொல்றது, சொன்னா குத்திக்காட்டறாப்பல ஆயிடுமேன்னு நின்னோம்னாரு. நான் அவங்க சொல்லுவாங்கன்னு பாத்தேன். டிரைவர் ரெண்டாவது வாட்டி கேட்டான். கை தானா கேட்டுக்கு வெளிய நீண்டுச்சி. அங்கயே எறக்குப்பான்னேன்.

யாரா? ஆனந்தமேரிதான். காலையில துணி காயப்போட மாடிக்குப் போனா, எறங்கி வந்தா, நெஞ்சக் கரிக்குதுன்னு உக்காந்தா. அவ்ளோதான்.

பையன் எட்வின் குவைத்துலேர்ந்து வரணும். ரெண்டு பகலு வெளியிலயே இருந்தா. கேட்டுல இருக்கற லைட்லேர்ந்து பெட்டிக்குக் கரண்டு இழுத்தாங்க, காமன் கரண்டு, ஏழாம் நம்பர் ரூல் கூடாதுன்னுது. அதுக்கு மட்டும் எவனும் ஒண்ணும் சொல்லல. சாமியார் ரோட்ல நின்னு செபம் சொன்னாரு, லாரி போற வரைக்கும் நிறுத்தி நிறுத்தி. எலவனாசூர்கோட்டையிலேர்ந்து பொன்னுரங்கம் வந்தாரு. பஸ்ஸ வுட்டு எறங்கறாரு, கக்கத்துல ஒரு தார்ப்பாய். யாரையும் கேக்கல. கேட்டுல ஒரு முனையும் புங்கமரத்துல ஒரு முனையும் கட்டி, அவ மூஞ்சி மேல வெயில் படாம பண்ணாரு. போவும்போது இந்தச் சாவியக் குடுத்தாரு. யாராவது வந்தா காட்டுங்கன்னாரு. திட்டியிருக்கலாம் அந்த ஆளு.

எட்வின் என்கிட்ட பேசறதில்ல. பெரிய காரியம் முடிஞ்சவொடனே போயிட்டான்.

அழல தம்பி. எல்லாரும் இத்தயே கேக்கறாங்க. வரல. முட்டி மட்டும் வலிக்குது.

அப்பறம் மீட்டிங் போட்டாங்க, நான் போடல, அவங்களே போட்டாங்க. பதினொண்ண எடுத்துடலாம்னாங்க. கல்லுல வெட்டனத எப்படி எடுக்கறது? சிமெண்ட் பூசிடலாம்னாரு ஹயாத் பாஷா. பூசிக்கங்கன்னேன். ஒரு வருசம் ஆவப்போவுது, பூசல. எவன் மொதல்ல கரண்டியக் கையில எடுக்கறதுன்னு நிக்கறானுங்க. நானும் எடுக்கல.

நோட்டு இந்தாங்க. பேனா இருக்குதா? இருங்க, போட்டுடாதீங்க. பத்துவரைக்கும் சம்மதம்னு எழுதிட்டுப் போடுங்க. ஆமா, பத்துவரைக்கும்தான். நான்தான் சொல்றேன், தலைவரு சொல்றேன், எழுதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அம்மா நூறு வயசு இருக்கட்டும். ஆனா ஒண்ணுன்னா, வண்டிய நேரா உள்ள வுடச் சொல்லுங்க. ஆறாம் நம்பர் வாசல்லயே எறக்குங்க. என்னையக் கேக்காதீங்க. யாரு மூஞ்சையும் பாக்காதீங்க. எவனாவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கறேன்.

சரி, சாவி. வூட்டப் பாத்துட்டு வாங்க. ரெண்டாவது ஞாயிறு தொட்டி, மறந்துடாதீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. வண்டியக் கொஞ்சம் எடுத்துடுங்க தம்பி. புங்கமரத்துக்கிட்ட வுட்டுடுங்க. இல்ல, யாருக்கும் எடஞ்சல் இல்ல.

அந்த எடத்துல வெயில் ஜாஸ்தி.