மூன்றாம் கூடத்துச் சிவப்புப் பூட்டு

உங்கள் ஸ்டேஷன் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவித் துவாரத்தில் ஊதினால் போதும், சத்தமில்லாமல் திரும்பும். பூட்டு விஷயத்தில் அலட்சியம் எனக்குப் பிடிக்காது. அதனால் சொன்னேன்.

நான் டயர் ஆலையின் காவலாளி. மூடியபோது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஆலை மூடினால் ஆலை மட்டும் மூடுவதில்லை, சார். ஆலை டிஸ்பென்சரி போயிற்று. அங்கே போன கூட்டமெல்லாம் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தது. வரி வராததால் குப்பை லாரி நின்றது. தெருவிளக்கு அணைந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைத்தார்கள். உங்கள் ஜீப்பையே தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் காரணமானவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தேன். என் சைக்கிள் சீட்டைக் கிழித்தார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. ‘சாவிக்கொத்து’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

வைத்தவர் என் தங்கை கணவர். ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிறது. நானும் மறுக்கவில்லை.

என் தங்கை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஜெனரேட்டருக்குப் போகும் கேபிள் தீய்ந்துபோய்க் கிடந்தது. புதிது வாங்கப் பணம் வரவில்லை. ஒருநாள் டீக்கடையில், அத்தனை பேர் முன்னால், அவர் என்னிடம் வந்தார்.

“மச்சான், மூணாம் கூடத்துல கேபிள் சும்மாதானே கிடக்கு? கொஞ்சம் வெட்டிக்கறேன். கரண்ட் போனா செல்போன் வெளிச்சத்துல பிரசவம் பார்க்கறா உங்க தங்கச்சி.”

“எழுத்து மூலமா அனுமதி வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை.”

“யார்கிட்ட வாங்க? மொதலாளி இருக்கற இடமே தெரியல. உள்ள இருக்கறது எலிதான். எலிகிட்ட கையெழுத்து வாங்கட்டுமா?”

கடையே சிரித்தது. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண்மணிகூட. “எலிக்கும் இவருதான் வாட்ச்மேன், அவரைக் கேட்டுட்டுத்தான் அது கையெழுத்துப் போடும்” என்றார் யாரோ. நான் டீயைக் குடித்து முடித்தேன். கோபப்படவில்லை. கோபப்படும் ஆள் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வழக்கமான சுற்று. ஊரில் கரண்ட் இல்லை. ஆலைக்குத் தனி லைன் என்பதால் எங்களுக்கு இருந்தது. மூன்றாம் கூடத்து மெயின் சுவிட்ச் எப்போதும் மேலே ஏற்றியே இருக்க வேண்டும், காவல் விளக்குகளுக்காக. அன்று கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. மேலே ஏற்றினேன். அது என் வேலை. என் வாக்குமூலத்தை இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நீங்கள் என்னை அனுப்பியிருப்பீர்கள். உங்கள் ஆட்கள் பார்த்தபோது அந்தச் சுவிட்சில் வேறு எதுவும் இல்லை.

ஆனால் வேலையை நன்றாகச் செய்தவன் அதைப் பாதியாகச் சொல்லக்கூடாது.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எலக்ட்ரீஷியன் ஒயரில் கை வைக்குமுன் மெயினை இறக்கி, கைப்பிடித் துளையில் தன் சொந்தச் சிவப்புப் பூட்டைப் போடுவார். பூட்டில் அவர் போட்டோ ஒட்டிய தகடு தொங்கும். ‘நான் உள்ளே வேலை செய்கிறேன்.’ போட்டவர் வந்துதான் திறக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது.

என் மாப்பிள்ளை பின்சுவர் ஏறிக் குதித்து, கேபிள் திருட வந்தவர். திருட வந்த இடத்திலும் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்திருக்கிறார். கை பழகிவிட்டது, பாவம். தகட்டில் கல்யாணத்துக்கு முன் எடுத்த போட்டோ. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். உள்ளே ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. கூடவே சீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி காவல் அறையில்தான். சாவிக்கொத்து என்று அவர் வைத்த பெயர் சரியான பெயர்தான். திறந்தேன். ஆலை ஓடியபோதே எல்லாப் பூட்டுக்கும் கரித்தூள் போட்டு வைத்திருந்ததால் சத்தமே வரவில்லை. கைப்பிடியை ஏற்றினேன். சீட்டி நின்றது.

தங்கைக்கு நானே போன் செய்தேன். மூச்சு இரைக்க ஓடி வந்தாள். அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “உயிர் இருக்குண்ணே! ஷெட்டுல கம்பெனி ஆம்புலன்ஸ் நிக்குதே, சாவியைக் குடு” என்றாள்.

“அது கம்பெனி சொத்தும்மா. ஆபீஸ்ல கேட்கணும். இன்னிக்கு லீவு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கேட்டுக்கு வெளியே ஓடி, காய்கறி வண்டிக்காரரைக் கூட்டி வந்தாள். தள்ளுவண்டியில்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. நெஞ்சுக்கு அதிர்ச்சி கொடுக்கும் மிஷின் இருந்ததாம், பேட்டரி செத்துப்போயிருந்ததாம். ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றதாம், கேபிள் இல்லாமல். தங்கை கையாலேயே நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாளாம், உயிர் போன பிறகும், டாக்டர் வந்து தோளைப் பிடித்து விலக்கும்வரை. இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. புரிந்துகொள்ள நாளாகும்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை, சார். இன்று ஒரு துண்டு கேபிள், நாளை ஒரு மோட்டார், அப்புறம் கூரைத் தகடு. வாங்க வருகிறவன் எதைப் பார்த்து வாங்குவான்? ஆலை முழுசாக இருந்தால்தான் திறக்கும். திறந்தால்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், உங்கள் ஜீப்புக்கு டீசல் எல்லாம். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காகவும்தான் நான் காவல் இருந்தேன்.

அவர் பாதி அறுத்த இடத்தில் டேப் சுற்றிவிட்டேன். கேபிள் சேதமில்லை.

பூட்டைத்தானே தேடுகிறீர்கள்? நான் எதையும் ஒளிக்கவில்லை. காவல் அறைச் சுவரில், அவருக்கென்று உள்ள ஆணியில் மாட்டியிருக்கிறேன். தகட்டைத் துடைத்துவைத்தேன். பத்திரமாக இருக்கட்டும்.

ஆலை திறந்ததும் அவர் வந்து கேட்பார்.